பாலத்தில் கசிந்த உப்பு

மார்ச் 13, 2018, செவ்வாய்

முட்டைகளில் பாதி இன்றைக்கும் செத்துப்போயின. தொட்டித் தண்ணீரை யார் மாற்றாமல் விட்டது என்று கேட்டேன். ஆய்வுக்கூடம் முழுக்கச் செவிடு.

வெளியாள் யாராவது இதைப் படித்தால் என்னைப் பைத்தியம் என்பான். தம்பியின் வியாதியைத் தவளை முட்டையில் வளர்க்கிறவளை வேறு என்ன சொல்வது? வால்தோவின் உடம்பில் இருக்கும் பிழையான மரபுச் செய்தியை ஊசியால் முட்டைக்குள் செலுத்திவிட்டுக் காத்திருந்தால், முட்டை தன் தோல் முழுக்க அவனுடைய பொட்டாசிய வாய்க்கால்களைக் கட்டி வைத்துவிடுகிறது. தவளைக்குப் பஞ்சமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் குளங்களில் குடியேறி, போ என்றாலும் போகாமல் பெருகிக் கிடக்கின்றன.

பிழைத்த முட்டை ஒன்றில் அளந்தேன். மின்சாரம் கொடுத்ததும் மதகு திறக்கிறது, பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, திரையில் கோடு மேலே ஏறுகிறது. பிறகு மதகு திறந்தே இருக்க, வாய்க்காலின் வாயிலுள்ள சல்லடை தானாக அடைந்துபோகிறது. கோடு விழுகிறது. எல்லோருக்கும் விழும், ஆனால் நிதானமாக. இவனுடையது ஏறிய மூச்சில் விழுகிறது. மூன்று வருஷமாக இந்த வீழ்ச்சியைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18, ஞாயிறு

வால்தோ வீட்டில் மாலைத் தேநீர். அவன் மனைவி யாஸ்னா வெண்ணெய்ப்பழம் மசித்து ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் எவனோ மோட்டார் சைக்கிளை உறுமவிட்டான். வால்தோ திடுக்கிட்டான், அவ்வளவுதான். இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கிக்கொண்டன, தலை ஆடியது, கோப்பை கீழே விழுந்து உடைந்தது. யாஸ்னா பேச்சை நிறுத்தாமல் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

ஆட்டம் நின்றதும் அவன், "பீங்கான் வாங்காதேன்னு சொன்னேன்ல" என்றான்.

"பிளாஸ்டிக் கப்புல டீ குடிக்க நீ என்ன அஞ்சாங்கிளாஸா?" என்றாள் அவள்.

அம்மாவுக்கும் இதேதான். தெருவே அவளைக் குடிகாரி என்றது. ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை பாவி மகள். வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவள் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டு கோடைக்கு முன்வரை அவன் கடலுக்கடியில் இறங்கிச் சிப்பியும் கடல் முள்ளெலியும் எடுத்தவன். படகில் காற்று இயந்திரம் ஓடும், அதிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்க வேண்டும். ஒருநாள் அடியில் இருக்கும்போது ஆட்டம் வந்து, குழாய் வாயிலிருந்து நழுவிவிட்டது. படகில் இருந்தவன் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். இப்போது மீன்துறையில் பெட்டி சுமக்கிறான். அங்கே அவனுக்கு மிக்ஸி என்று பெயர். டாக்டர் கொடுத்த மாத்திரை சிறுநீரகத்தில் கல்லை வரவைத்ததுதான் மிச்சம். நிறுத்திவிட்டார்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மறுபடி இறங்கணும்க்கா. அதுக்கு ஏதாச்சும் கண்டுபிடிச்சுக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

மார்ச் 27

வால்தோவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று நிமிஷம் முட்டையையே முறைத்துப் பார்த்தான்.

"இதுக்குள்ள நானா?"

"உன் வாய்க்கால் மட்டும்."

படம் வரைந்து சொன்னேன். நான்கு துண்டுகள் சேர்ந்து ஒரு வட்டம், நடுவில் துளை. துளையின் வெளிவாயில் சல்லடை, பொட்டாசியத்தை மட்டும் விடும், சோடியத்தை விடாது. நரம்பு கத்தி முடித்ததும் இந்த வழியாகப் பொட்டாசியம் வெளியே போனால்தான் அது வாயை மூடும். அடைப்பதற்கு இரண்டு வழி உண்டு. சில வாய்க்கால்களில் உள்ளிருந்து ஒரு வால் தொங்கும், அதன் நுனியில் உருண்டை. அது வந்து துளையைச் செருகிக்கொள்ளும், கைகழுவும் தொட்டியில் சங்கிலியில் தொங்குமே, அந்த அடைப்பான் மாதிரி. உன்னுடையது அப்படியில்லை. சல்லடையே கோணிக்கொண்டு அடைகிறது. எல்லோருக்கும் மெதுவாக அடைவது உனக்கு உடனே அடைகிறது. அதனால் நரம்பு அடங்காமல் கத்துகிறது, நீ ஆடுகிறாய்.

கோடு ஏறி விழுவதைக் காட்டினேன். இன்னொரு தடவை என்றான். மறுபடி காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றான். "இதுக்கா நான் கரையில உட்கார்ந்திருக்கேன்?"

பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டேன்.

ஏப்ரல் 11, புதன்

ஃபெர்மின் மாடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியோடு இறங்கி வந்தான். அவன் வேதியியல்காரன், என் வயசு, வாய் மட்டும் இரண்டு ஆள் அளவு. ஆறு மாதமாக ஒரு மூலக்கூறைச் செய்துகொண்டிருந்தான். சல்லடையின் வாயில் போய் உட்கார்ந்து அது கோணாமல் தாங்கிக்கொள்ளும் என்பது எங்கள் இருவருடைய கணக்கு.

"மொத்தமே இவ்வளவுதான் நெல்டா. கொட்டினேன்னு வந்து நிக்காதே, கொன்னுடுவேன்."

முட்டை இருக்கும் கிண்ணத்தில் எப்போதும் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற நீரில் இந்த மருந்தைக் கலந்தால் ஒரு காலைக்குள் குப்பி காலி. அதனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நின்ற நீரில் ஒரு துளி விட்டேன். கொஞ்சம் பொறுத்து மின்சாரம் கொடுத்தேன்.

கோடு ஏறியது. விழவில்லை. அதாவது விழுந்தது, ஆனால் நிதானமாக, சரியான மனுஷனுடையது போல. ஓட்டத்தைத் திறந்து மருந்தைக் கழுவினேன். மறுபடி பழைய வீழ்ச்சி.

ஃபெர்மின் என் தலையில் முத்தம் வைத்துவிட்டு ஓடினான். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 12

மறுபடி செய்தேன். அதேதான். இன்னொரு முட்டை, அதேதான்.

ஏப்ரல் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்று வால்தோ வீட்டுக்கு மலையேறும் வழி முழுக்க எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு போய், ரொட்டியைப் பிய்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். முட்டையில் வேலை செய்வது மனுஷனுக்குச் செய்யும் என்பதில்லை, எலி, அப்புறம் வேறு பரிசோதனை, பல வருஷமாகும், ஆகாமலும் போகலாம் — எல்லாம்தான் சொன்னேன். எவன் காதில் வாங்கினான்?

"வேலை செய்யுதா இல்லையா?" என்றான்.

"முட்டையில செய்யுது."

யாஸ்னா எழுந்து அடுக்களைக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், எங்களுக்குக் கேட்காது என்று நினைத்து.

மே 6

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தன் படகின் அடியை வால்தோ சுரண்டிக்கொண்டிருக்கிறான். மிக்ஸிக்கு என்ன வந்தது என்று மீன்துறையே கேட்கிறதாம். "என் அக்கா மருந்து கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லியிருக்கிறான். பெட்டி சுமக்கிறவன் ஒருவன் இன்று என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன், நன்றாகவும் இருந்தது.

ஜூன் 19

டாக்டர் ஓயார்சூன் என் பதிவுகளை எல்லாம் வாங்கிப் பார்த்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி, பாராட்டே வராது அவருக்கு. "ஆண்டுக் கூட்டத்துக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பு" என்றார். இது அவரிடமிருந்து வந்தால் மாலை போட்ட மாதிரி.

மின்சாரத்தை நிறுத்திய பிறகு கோட்டின் கடைசியில் வால்போல நீளும் பகுதி மருந்தில் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் கேட்டார். மதகு மூடுவதையும் மருந்து மெதுவாக்குகிறது போல என்றேன். தலையாட்டினார்.

ஜூலை 10, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியாது.

காலையில் நல்ல முட்டை அமைந்தது. ஓட்டத்தை நிறுத்தினேன். குப்பியைத் திறக்கப் போகும்போது வால்தோவின் அழைப்பு. படகுக்கு என்ன வண்ணம் அடிப்பது, நீலமா பச்சையா என்று கேட்கிறான். யாஸ்னா பச்சை என்கிறாளாம், பச்சை அடித்தால் துறையில் சிரிப்பார்களாம். தாழ்வாரத்தில் நின்று கொஞ்ச நேரம் சிரித்துப் பேசிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து, பழக்கத்தில் மின்சாரத்தைக் கொடுத்தேன்.

கோடு நிதானமாக விழுந்தது.

ஆகா, மருந்து என்ன அழகாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் குப்பியைப் பார்த்தேன். மூடி போட்டபடி பனிக்கட்டியில் இருந்தது.

மருந்து விடவே இல்லை. விடவே இல்லையே. பின்னே எது விழாமப் பிடிச்சுது? யார் பிடிச்சது?

ஓட்டத்தைத் திறந்தேன், வேகமாக விழுந்தது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன், மெதுவாக விழுந்தது. திறந்தேன். நிறுத்தினேன்.

பாலம்தான். கிண்ணத்தையும் மின்கம்பியையும் இணைக்க, வளைத்த கண்ணாடிக் குழாயில் அகர் என்னும் கடற்பாசிக் கூழை நிரப்பி வைத்திருக்கிறோம், அதற்குப் பாலம் என்று பெயர். அந்த அகரில் இருப்பது கெட்டிப் பொட்டாசிய உப்பு. ஊரிலிருக்கும் எல்லா ஆய்வுக்கூடமும் அப்படித்தான் செய்கிறது. நீர் ஓடும்போது கசிகிற உப்பை அடித்துக்கொண்டு போய்விடும். நீர் நின்றால் உப்பு கிண்ணத்திலேயே சேரும். வெளியே பொட்டாசியம் கூடினால் அது சல்லடைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், சல்லடை கோணாது, அடைப்பு தள்ளிப்போகும். இது முதல் வருஷப் பாடம். நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோட்டின் வால் பெரிதானதும் அதனால்தான். மேடம் விரலை வைத்துக் காட்டினார், நான் அதற்கும் ஒரு கதை கட்டினேன்.

மருந்து விட்டபோதெல்லாம் ஓட்டத்தை நிறுத்தினேன். ஓட்டத்தை நிறுத்தாமல் ஒரு தடவைகூட மருந்து விடவில்லை. மருந்து விடாமல் ஒரு தடவைகூட ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கவில்லை. எதுக்குடி உனக்குப் படிப்பு?

ஜூலை 11

வேறு பாலம் செய்தேன், சாதாரணச் சோடிய உப்பில். ஓட்டத்தை நிறுத்தினேன், மருந்து விட்டேன். வேகமாக விழுந்தது.

ஒரு துளி, அப்புறம் இன்னொரு துளி, கடைசியில் குப்பியில் இருந்த அத்தனையையும் விட்டேன். விழுந்தது.

ஜூலை 13

மேடத்தின் அறையில் நானும் ஃபெர்மினும். நான் பேசி முடிக்கும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடுபனியில் துறைமுகம் தெரியவில்லை.

"அந்த வாலை நானும் பார்த்தேன்" என்றார். "விட்டுட்டேன். சுருக்கத்தை வாபஸ் வாங்கிடு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

படியில் ஃபெர்மின் கேட்டான்: "அப்ப நான் ஆறு மாசமாச் செஞ்சது என்ன? தண்ணியா?"

காலிக் குப்பியை அவனிடம் நீட்டினேன்.

"தண்ணின்னாலும் தாகம் தீரும்" என்றான். மேலே ஏறிப் போய்விட்டான்.

ஜூலை 22, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி வால்தோ வீட்டுக்குப் போகவில்லை.

ஜூலை 29, ஞாயிறு

போனேன். சொல்லவில்லை. படகு நீலமும் பச்சையுமாகப் பளபளக்கிறது, இரண்டு பேருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை போலிருக்கிறது. தேநீர் முடியும் நேரத்தில் அவனுக்கு ஆட்டம் வந்தது, நீண்ட ஆட்டம். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆடட்டும்க்கா. இன்னும் கொஞ்ச காலம்தானே."

கழிவறையில் போய் உட்கார்ந்து கையைக் கடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

ஃபெர்மின் வேறு மூலக்கூறு செய்ய மாட்டானாம். தலைநகரில் சாய ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. "சாயம் துணியில ஒட்டுச்சா இல்லையான்னு கண்ணாலேயே தெரிஞ்சிடும்" என்றான். கட்டிப்பிடித்துக்கொண்டோம். எனக்கும் அழுகை, அவனுக்கும்.

வாய்க்காலின் உருவம் எல்லாம் தெரியும் எங்களுக்கு. எந்த அணு எங்கே இருக்கிறது என்று படம் வந்துவிட்டது. சல்லடை எப்படிக் கோணுகிறது என்று அடித்துக்கொண்டு கிடக்கிறோம். கோணாமல் இருக்க ஒரு ஊன்றுகோல் வைக்க ஒருத்தருக்கும் வக்கில்லை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

யாஸ்னா ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தாள். சுற்றிவளைக்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லை வால்தோ, முதலிலிருந்தே செய்யவில்லை, உப்பு கசிந்ததை மருந்து என்று நினைத்துவிட்டேன் என்றேன். பாலத்தை விளக்கினேன். அவன் கவனமாகக் கேட்டான், படகு இயந்திரத்தின் கோளாறைக் கேட்கிற மாதிரி.

"அப்ப உப்புதான் நல்லது பண்ணுச்சு."

"ஆமா."

"அந்த உப்பை நான் தின்னா?"

"இதயம் நின்னுபோகும்டா."

"ஆட்டமும் நிக்கும்ல?" என்று சிரித்தான். முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். வலிக்க வேண்டும் என்றேதான் வைத்தேன்.

கொஞ்ச நேரம் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தான். நான் எதிர்பார்த்ததெல்லாம் கத்தல். கத்தவில்லை.

"யாஸ்னாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். "போன வருஷம் பெட்டி கட்டினா. என்னை விட்டுட்டு வடக்கே அவ அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தா. நீ ஏப்ரல்ல வந்து சொன்னியே, அன்னைக்குத்தான் துணியெல்லாம் திரும்ப அலமாரியில வச்சா. நான் கண்டுக்காத மாதிரி இருந்தேன்."

"எத்தனை நாளைக்கு மறைப்ப?"

"முடியிற வரைக்கும். நீ வாயத் திறக்காம இரு. அது போதும் எனக்கு."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சூடான ரொட்டியோடு அவள் வந்தாள்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

ஆய்வுக்கூடத்துக்குக் கீழே பேருந்து நிறுத்தத்தில் யாஸ்னா நின்றிருந்தாள். காற்று அடித்துத் தள்ளியது, காத்திருந்ததில் மூக்கு சிவந்திருந்தது. வால்தோவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

"அவருக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "அக்கா, அந்த மருந்து பொய்த்துப்போச்சுதானே?"

வாயைத் திறக்காதே என்றானே. நான் திறக்கவில்லை. ஆனால் முகம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டு வைப்பது?

"ஜூலையிலயே தெரியும். நீங்க தலைவலின்னு சொன்ன அன்னைக்கு. உங்களுக்கு என்னைக்குத் தலை வலிச்சிருக்கு?"

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்து, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. காலையில எந்திரிச்சு உட்கார்றதே அந்த நினைப்புலதான். அது இல்லேன்னா என்ன பண்ணுவாரோன்னு பயமா இருக்கு. உப்புத்தண்ணி பக்கத்துலயே நாள் முழுக்க இருக்கிற மனுஷன்."

"நீ?"

"நான் என்ன?"

"வடக்கே போறதா—"

"அது போன வருஷத்துப் பேச்சு" என்றாள். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 29

அவனிடம் அவளுக்குத் தெரியும் என்று சொல்லலாமா? அவளிடம் அவனுக்குத் தெரியும் என்று சொல்லலாமா? இரண்டு பேரும் வாக்கு வாங்கிவிட்டார்கள். சொல்லிவிட்டால் ரெண்டு பேரும் நிம்மதியாகக் கட்டிக்கொண்டு அழுவார்களா, இல்லை ரெண்டும் கையை விட்டுவிடுமா? எனக்கென்ன தெரியும்? முட்டையில் அளந்து பார்க்கிற விஷயமா இது?

செப்டம்பர் 5

புது முட்டைகள். பழைய வீழ்ச்சி.

செப்டம்பர் 18, செவ்வாய்

சுதந்திர நாள். மலை முழுக்கப் பட்டம், கறி சுடும் புகை. வால்தோ வீட்டுக்குப் போகாமல் தப்பிக்கக் காரணம் கிடைக்கவில்லை. யாஸ்னா காலையிலிருந்து இறைச்சியும் வெங்காயமும் அடைத்து மாவுக் கொழுக்கட்டைகள் சுட்டு அடுக்கியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

வால்தோ ஒயின் ஊற்றினான். கை ஆடவில்லை. யாஸ்னா கோப்பையைத் தூக்கி, "அக்காவோட மருந்துக்கு" என்றாள்.

"மருந்துக்கு" என்றான் அவன், அவளைப் பார்த்து. "எப்படிக்கா போகுது? நல்லாப் போகுதா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவன் கண்ணில் கெஞ்சல். அவள் கண்ணிலும் அதேதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இரண்டும் என்னையே பார்த்தன.

"நல்லாப் போகுது" என்றேன்.

"அந்தக் கோடு இப்பவும் மெதுவாத்தான் விழுதா?"

"முன்னைவிட மெதுவா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எலிக்குக் கொடுக்கப்போகிறோம் என்றேன். மேடத்துக்கு ரொம்பச் சந்தோஷம் என்றேன். ஃபெர்மின் இன்னும் நல்லதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறான் என்றேன். மளமளவென்று வந்தது. நான் நிறுத்தும்போதெல்லாம் யாரோ ஒருவர் மேற்கொண்டு கேட்டார்கள், இவன் அவளுக்காக, அவள் இவனுக்காக. இரண்டு கோடையில் இறங்கிவிடலாம் என்றான் அவன். ஒன்றரை, என்று திருத்தினாள் அவள்.

இருட்டுவதற்குள் கிளம்பினேன். இரண்டு பேரும் வாசல்வரை வந்தார்கள். அவன் தோளில் அவள் சாய்ந்திருந்தாள், நெடுநாளாக நான் அப்படிப் பார்த்ததில்லை. இனி ஞாயிறு தவறாமல் வர வேண்டும் என்றார்கள். வந்து என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். வருகிறேன் என்றேன்.